ஜெபாவின் கல்யாண ஓலையும் என் தஞ்சாவூர் விசாரிப்பும்

ஜனவரி 21, புதன்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்க்கடை போர்டே தெரியவில்லை. உரக்கடையை மத்தியானமே அடைத்தாயிற்று. மக்காச்சோளம் அறுப்பு நடக்கிற நேரத்தில் கடையை அடைக்கிற தைரியம் கோவில்பட்டியில் எனக்கு மட்டும்தான் உண்டு. காரியம் அப்படி. நாளை அதிகாலை தஞ்சாவூர்.

எடுத்து வைத்தவை: வெள்ளை வேட்டி 2, வெள்ளைச் சட்டை 2, அழுக்குச் சட்டை 1 (மறைவாக விசாரிக்கும்போது போட), கறுப்புக் கண்ணாடி, சீனி மாத்திரை, கடலைமிட்டாய் 4 பாக்கெட், வேதப்புத்தகம் (எஸ். வைத்தது).

எஸ். என்றால் எஸ்தர், என் வீட்டுக்காரி. முழுப்பெயர் எழுத இந்த டைரியில் இடம் பத்தாது. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்தது. அதிலும் பக்கத்துக்கு நாலு கோடு குறைத்திருக்கிறான். எண்ணிப் பார்த்தேன்.

விஷயம் இது. அக்காள் மகள் ஜெபா. வயது முப்பத்தொன்று. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லாத பிள்ளை, தாய்மாமன் நான் ஒருவன். வருகிற ஞாயிறு எங்கள் சபைக் கோயிலில் அவளுக்கு முதல் ஓலை. மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்பார். மூன்றும் முடிந்தால்தான் தாலி. அடுத்த மாதம் லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், பிறந்துவிடும். லெந்து நாளில் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் தாண்ட வேண்டும். ஆகவே இந்த ஞாயிறு ஓலை விழாவிட்டால் கல்யாணம் தள்ளும். ஜெபாவுக்குத் தள்ளிப்போன கல்யாணம் எதுவும் திரும்பி வந்ததில்லை.

இதுவரை மூன்று. மூன்றிலிருந்தும் அவளைக் காப்பாற்றியது நான்.

கயத்தாறு பையன், வலிப்பு.
விளாத்திகுளம் வாத்தியார், ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததாகக் கேள்வி.
சாத்தூர் பையன். அவன் அண்ணனுக்கு மாறுகண். அது பரம்பரையாக இறங்கும், நான் படித்திருக்கிறேன்.

விசாரிப்பில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கலெக்டரே தன் மகள் விஷயமாக என்னைக் கூப்பிட்டு அனுப்ப இருந்தார். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

இப்போது வந்திருக்கும் பையன் அருண். ஜெபா இருக்கிற அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். அதே ஆஸ்பத்திரி! கேட்டால் தற்செயலாம். சொந்த ஊர் தஞ்சாவூர். அப்பா வயலின் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு தலைமுறைச் சங்கீதக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிறிஸ்மஸுக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது அந்த அப்பா வரவில்லை. தாயும் மகனும் மட்டும். "அவருக்கு உடம்புக்கு முடியலைங்க." என்ன முடியவில்லை என்று கேட்டேன். தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அன்றே குறித்து வைத்துக்கொண்டேன்.

அக்காள் சாயங்காலம் வந்தாள். "ஏலே துரை, வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்காவ. போயி அவிய அப்பாவ ஒரு எட்டுப் பாத்துட்டு, சாப்புட்டுட்டு வந்துரு. அவ்வளவுதான். நோண்டாத."

நோண்டாமல் எப்படி? சாப்பாடு வெள்ளிக்கிழமை. நான் வியாழனே அங்கே இருப்பேன். சொல்லாமல்.

ஜனவரி 22, வியாழன்

5.40க்குக் கிளம்பியாயிற்று. கார் மாடசாமியுடையது, டிரைவரும் அவனே. வண்டி ஓட்டம் சுமார், வாய் ஓட்டம் அதிகம். கிளம்பும்போது கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கை கழுவும்போது அழிந்துவிட்டது.

மேலூரில் இட்லி. சட்னியில் தேங்காய் கிடையாது, பொரிகடலை. சொன்னேன். சர்வர் முறைத்தான். விராலிமலைப் பக்கம் மூன்று மயில் (எஸ். ஒன்றுதான் பார்த்தாளாம்). வழியெல்லாம் எஸ். பின்சீட்டில் கீர்த்தனை. திருச்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் வாய்க்கால், பாதி பழுத்த சம்பா, ரோடு ஓரம் வரை தண்ணீர். ஜனவரியில்! நம் ஊரில் இந்நேரம் கரிசல் வெடிப்புவிடத் தொடங்கியிருக்கும்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சு இவிய என்ன செய்யுதாவ?" என்றாள் எஸ்.

"வெதச்சுட்டுச் சும்மா உக்காந்து பாட்டுப் படிக்காவ, மைனி," என்றான் மாடசாமி. "நமக்குத்தான் மழைக்கு மானத்தப் பாக்கவே நேரம் சரியாப் போவுது."

பதினொன்றரைக்குத் தஞ்சாவூர். லாட்ஜ் மேனேஜர் எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார். இவருக்கு எதற்கு? வீணை வாங்க என்று சொல்லிவைத்தேன். குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயிலும் பச்சைத்தண்ணீர்தான்.

மத்தியானம் அரண்மனை. எஸ். ஆசைப்பட்டாள். அதற்குள்ளே ஒரு சங்கீத மண்டபம். "இங்க எந்த மூலையில உக்காந்து பாடினாலும் எல்லா மூலைக்கும் ஒண்ணு போலக் கேக்கும் சார்," என்றார் வழிகாட்டி. சொன்னதை அப்படியே நம்புகிற ஆளா நான்? எஸ்.ஸை அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு இந்தக் கோடியிலிருந்து "அல்லேலூயா" என்று முழுக்குரலில் எடுத்தேன். காவல்காரர் ஓடி வந்தார்.

"கேட்டுச்சா?" என்றேன் எஸ்.ஸிடம்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வாங்க போவோம்."

ஒரு வெள்ளைக்காரர் கை தட்டினார். கொசு அடித்தார் என்கிறாள் எஸ். எனக்குத் தெரியும் எது கைதட்டல் என்று.

நாலு மணிக்கு அழுக்குச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும். அருண் வீட்டுத் தெரு கோட்டைச் சுவர் பக்கம். எஸ்.ஸும் மாடசாமியும் தெருமுனையில் காரில். முனையில் வீணை செய்கிற பட்டறை. பலாக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். பத்து வருஷம் வீணை வாசித்தவன் என்று சொன்னேன். பட்டறைக்காரர் உடனே ஒன்றை எடுத்து மடியில் வைத்தார், வாசியுங்கள் என்று. விரலில் காயம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். இந்த ஊரில் யாரிடம் எதைச் சொன்னாலும் உடனே பரீட்சை வைக்கிறார்கள்.

அடுத்து டீக்கடை. விசாரிப்புக்கு முதல் இடம் எப்போதும் டீக்கடைதான். "அந்தப் பச்சைக் கேட்டு வீடு சங்கீத வீடுன்னு சொல்லுதாவளே, சத்தத்தையே காணோம்?"

"வயலின் சார் வீடா? அஞ்சாறு வருஷமாச்சுங்க அங்க பாட்டுக் கேட்டு. புள்ளைங்களும் இப்பக் கத்துக்க வர்றதில்ல. பாவங்க, அவருக்கு..."

அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. இருபது பேர் டீ கேட்டார்கள். மனுஷன் அந்தப் பக்கம் போய்விட்டார். பாதியில் நின்ற பேச்சு. நாலு தலைமுறைச் சங்கீதம், ஐந்தாறு வருஷமாகச் சத்தமில்லை, பிள்ளைகளையும் அனுப்புவதில்லை. குடி. வேறென்ன?

பச்சைக் கேட்டுக்கு எதிரே வேப்பமரம். அடியில் சிமெண்டு பெஞ்சு. வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக் காம்பில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருந்தது. எதிர்வீட்டை நாள் முழுக்கப் பார்க்கிற ஆள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நடந்ததை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"அந்த வீட்டு வாத்தியாரு குடிப்பாராமே?" என்றேன்.

"ஆமாங்க," என்று தலையாட்டினார்.

"தெனமுமா?"

"ஆமாங்க, ஆமாங்க."

"சீட்டும் ஆடுவாரோ?"

சிரித்தார். தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன் எப்பிடி? மதுரையில வேற பொண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

இதற்கு அவர் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு!

அரை மணி நேரம் பேசினேன். எதையும் மறுக்கவில்லை மனுஷன். கிளம்பும்போது எழுந்து நின்று கும்பிட்டு, "சந்தோஷங்க, அடிக்கடி வாங்க" என்றார்.

அங்கே நின்றபடியே அக்காளுக்குப் போன் போட்டேன். நிலைமையின் தீவிரம் அவளுக்குப் புரிய வேண்டும். அதனால் வாத்தியார் தெருவில் தள்ளாடி வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். சீட்டுக் கட்டைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் போட்டோவைப் பெரியவர் காட்டினார் என்றேன். அவர் விரலைக் காட்டினார் என்றால் போட்டோ காட்டியதற்குச் சமம்தானே. அக்காள் அழுதாள். பிறகு, "நான் போதகரய்யாட்டச் சொல்லிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆறரைக்குப் போதகரே என்னைக் கூப்பிட்டார். ஓலையை ஒதுக்கி வைத்துவிட்டாராம், ஞாயிறு வாசிக்க மாட்டாராம்.

காரில் எஸ்.: "ஒரே ஒரு ஆளுட்டக் கேட்டுட்டு ஒரு பிள்ள வாழ்க்கைய முடிச்சிட்டிய."

மாடசாமி: "அண்ணாச்சி, வண்டியத் திருப்பும்போது அந்த மனுசன் முதுகுக்குப் பின்னால நின்னு ஆரன் அடிச்சேன். அவரு திரும்பவே இல்ல."

"திமிரு," என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஏழு மணிக்கு ஜெபாவின் போன். ஸ்தோத்திரம் மாமா என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள். இன்று இல்லை.

"யாருட்டக் கேட்டீங்க?"

விசாரிப்பில் சாட்சியைக் காட்டிக்கொடுப்பது என் வழக்கமில்லை என்றேன்.

"மாமா. யாருட்ட?"

எதிரே பெஞ்சில் ஒரு பெரியவர் என்றேன்.

"வெள்ள ஜிப்பாவா?"

"ஆமா."

"கண்ணாடில நூலு சுத்தியிருந்துச்சா?"

இவளுக்கு எப்படித் தெரியும்?

"அவியதான் அருணோட அப்பா. அவியளுக்கு ரெண்டு காதும் கேக்காது. ஆறு வருசமாச்சு. யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாவ. எதுத்தாப்புல நிக்க ஆளு சங்கடப்படக் கூடாதுன்னு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எஸ். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

காது கேளாததை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பலம் வந்தது.

"நான்தான் சொல்லாண்டாம்னேன். அருண் வீட்டுல சொல்லணும்னுதான் சொன்னாவ. உங்க காதுக்கு வந்தா அது பரம்பரை நோயாயிரும். அருணுக்கும் கேக்காதும்பீங்க. எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் கேக்காதும்பீங்க. ஏற்கெனவே மூணு பேர அனுப்பிட்டீங்க மாமா. எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு."

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன்.

"நேத்து நீங்க பேசினது அங்க யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம். பன்னெண்டரைக்குச் சாப்பாடு வச்சிருக்காவ. போங்க. சாப்புட மட்டும் வாயத் தெறங்க."

வைத்துவிட்டாள்.

மாடசாமியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எஸ். சொல்லிவிட்டாள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "இதுக்கா அண்ணாச்சி முந்நூறு கிலோமீட்டர் வந்தோம்? கடையில தலையாட்டி பொம்ம விக்காம்லா, அதுட்டக் கேட்டிருந்தா அதுவும் ஆமான்னுதான் சொல்லியிருக்கும்."

பன்னிரண்டரை. வெள்ளைச் சட்டை. கறுப்புக் கண்ணாடி போடவில்லை. ஆள் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். கேட்டைத் திறந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "அட, இவங்களா! நேத்தே வந்துட்டாங்களே!"

அருணும் அவன் அம்மாவும் திகைத்து நின்றார்கள். எஸ். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து சாயந்தரம் அரை மணி நேரம் என்கூட உக்காந்து பேசினாங்க," என்று பெரியவர் மனைவியிடம் சொன்னார். "எழுந்திரிக்கவே இல்ல. இந்த ஆறு வருஷத்துல என்கூட யாரு அவ்வளவு நேரம் பேசியிருக்காங்க? காது கேக்கலைன்னு தெரிஞ்ச ஆளு எழுதிக் காமிச்சிட்டுப் போயிடுவாங்க. தெரியாத ஆளு ரெண்டு வார்த்தையில எந்திரிச்சிடுவாங்க."

"என்னப்பா பேசினாங்க?" என்று அருண் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினான்.

"அது தெரியல. வாய் அசையறதைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் புரியும். இவங்க மீசை மறைச்சுடுச்சு. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டுன்னு காமிச்சேன்." என் தோளில் கை வைத்தார். "ஆனா முகத்துல அவ்வளவு அக்கறை. அப்பவே நினைச்சேன், நல்ல மனுஷன்னு."

இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

வீடு: இரண்டு அறை, கூடம். சுவரில் ஒரு சிலுவை, நாலு பழைய போட்டோ. நாலிலும் வயலினோடு ஆட்கள். நாலு தலைமுறை சரிதான். எண்ணினேன். பாட்டில் இல்லை. சீட்டுக் கட்டு இல்லை. கண் தானாகத் தேடியது, பழக்கம்.

சாப்பாடு: கோழிக்குழம்பு, ரசம், வாழைப்பூ வடை, கடைசியில் கெட்டித் தயிர். குழம்பில் தேங்காய் உண்டு. நான்கு வடை. வாயை வேறு எதற்கும் திறக்கவில்லை. அருண் அம்மா, "உங்களுக்குப் பிடிக்கலையா, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்களே?" என்றார். அன்று பெண் பார்க்க வந்தபோது நான் பேசியதை அவர் கேட்டிருக்கிறாரே.

சாப்பிட்டு முடிந்ததும் பெரியவர் உள்ளே போய் வயலின் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அம்மா, "வேணாங்க" என்று கை அசைத்தார். "சம்பந்தி வந்திருக்காங்கல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனை. எனக்குச் சங்கீதம் நன்றாகத் தெரியும் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அவ்வளவு தெரியாது. ஆனால் எனக்கே தெரிந்தது. ஒரு தந்தி இறங்கியிருந்தது. கை ஒழுங்காகப் போகிறது, சத்தம் வேறு எங்கேயோ போகிறது. அவருக்கு அது கேட்காது. அருண் தரையைப் பார்த்தான். அவன் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வீட்டில் ஏன் சத்தம் இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அவர் சிரித்தார்.

மூன்று மணிக்கு லாட்ஜிலிருந்து அக்காளுக்குப் போன். பையன் வீடு தங்கம், ஓலையை வாசிக்கச் சொல் என்றேன்.

"நேத்து கண்ணால பாத்தேன்ன. இன்னைக்கும் கண்ணால பாத்தேங்குத. எந்தக் கண்ணுலே?"

"அக்கா, நேத்து நான் கேட்டது..."

"கோழிக்கொழம்பப் போட்டு ஒன்ன மயக்கிட்டாவளா? ஜெபாவும் அழுதா, அந்த வீட்டுக்காரருக்குக் காது மட்டுந்தான் கேக்காதுன்னு. அவ பையனுக்காகப் பேசுதா. நீ எதுக்காகப் பேசுத?"

போதகருக்குப் போன். அவர் சொன்னது: "தடைன்னு ஒருத்தர் சொல்லிட்டா நான் லேசுல விட முடியாது அண்ணாச்சி. சொன்னவங்களே சனிக்கிழமை ராத்திரிக்குள்ள நேர்ல வந்து எழுத்துல வாபஸ் வாங்கணும். இல்லன்னா இந்த ஞாயிறு வாசிக்க மாட்டேன்."

எழுத்தில். நான்.

ஜனவரி 24, சனி

எட்டு மணிக்குக் கிளம்பியாயிற்று. பெரிய கோயிலை எஸ். காரிலிருந்தே பார்த்துக்கொண்டாள். கீர்த்தனை இல்லை. மாடசாமி மட்டும் டோல்கேட் வரும்போதெல்லாம் தானாகத் தலையாட்டிக்கொண்டு வந்தான். முன்சீட்டில் வைக்க ஒரு பொம்மை வேறு வாங்கியிருக்கிறான். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்கிறது.

விருதுநகரில் பரோட்டா. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு நேரே போதகர் வீடு. அக்காளை அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாள், பேனா.

முதலில் எழுதியது: தஞ்சாவூரில் வெயில் கடுமையாக இருந்தபடியாலும் எனக்குச் சீனி வியாதி இருக்கிறபடியாலும் தலைசுற்றல் ஏற்பட்டு, தவறான ஆட்கள் கொடுத்த தவறான தகவலை...

போதகர் படித்துவிட்டு, "ஜனவரியில அங்க வெயிலா?" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது: மேற்படி பெரியவர் என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஆம் என்று தலையசைத்தபடியால், எந்த மனிதனாக இருந்தாலும் நம்பக்கூடிய நிலையில்...

"இதுல அந்தப் பெரியவர் இருக்காரு, அவரு தலை இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க அண்ணாச்சி?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். போதகரின் வீட்டம்மா காப்பி வைத்துவிட்டுப் போனார். அக்காள் எதிர் நாற்காலியில். என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது. இதை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன், இரண்டு எழுத்துப் பிழையைப் போதகர் திருத்தியது போக:

தடை சொன்னவன் நான். எதையும் கண்ணால் பார்க்கவில்லை. காது கேளாத ஒருவரிடம் கேட்டேன். மீதியை நானே சேர்த்துச் சொன்னேன். தடையை எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை.

போதகர் அதை அக்காளிடம் வாசித்துக் காட்டினார். அவள் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். "அவருக்குக் காது கேக்காதது ஒரு கொறையா?" என்றாள் போதகரிடம். "இவன் வாய வச்சுக்கிட்டு நாங்க இத்தன வருசம் குடித்தனம் பண்ணலையா?" போதகர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் அந்த மூணு?"

"எந்த மூணு?"

"கயத்தாத்துப் பையன். வலிப்பு வந்து விழுந்தான்ன. பாத்தியா?"

"கேள்விப்பட்டேன்."

"யாருட்ட?"

முடிவெட்டுகிற கடையில். பேர் தெரியாத ஒரு ஆள். என் கேள்வியும் அவன் பதிலும் இப்போது ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, எது அவன் சொன்னது, எது நான் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தான்.

"அவனும் தலைய ஆட்டினானாலே?" என்றாள் அக்காள்.

காப்பி ஆறி ஆடை படர்ந்துவிட்டது.

இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். எஸ். வற்புறுத்தவில்லை. புதன்கிழமைப் பக்கத்தில் எழுதிய பட்டியலை, நான் காப்பாற்றிய மூன்றை, அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் மட்டும் என்ன ஆகும். அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

பனி இல்லை. குதிகாலில் ஆணி வலி. வெள்ளைச் சட்டை இரண்டும் அழுக்கு, நீலச் சட்டை.

ஜெபா மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை, அக்காள் பக்கத்தில். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிரசங்கத்தில் மனம் போகவில்லை. அறிவிப்புகள்: வாலிபர் கூட்டம், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, பிறகு ஓலை. போதகர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வாசித்தார். அருண் பெயர், தகப்பன் பெயர், தஞ்சாவூர் சபை. ஜெபா பெயர், காலஞ்சென்ற என் மச்சான் பெயர், கோவில்பட்டி சபை. முதலாம் முறை. இவ்விருவரையும் விவாகத்தில் இணைக்கத் தடை உண்டென்று அறிந்தவர்கள் எவராவது இருந்தால் தெரியப்படுத்த வேண்டும்.

நிறுத்தினார்.

விஷயம் இதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். மாடசாமி கோயில் ஆள் இல்லை, ஆனால் அவன் வண்டியில் ஏறாத ஆள் கோயிலில் இல்லை. முன்னால் இருந்த தலை ஒவ்வொன்றாகத் திரும்பியது. பாடகர் குழுவிலிருந்தும் பார்த்தார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை. எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன். அவர் அடுத்த அறிவிப்புக்குப் போகிறவரை எத்தனை தடவை எண்ணினேன் என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே. செருப்பு போடும் இடத்தில் ஜெபா பக்கத்தில் வந்து நின்றாள். குனிந்து வாரை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு மாமா."

"இருக்கு," என்றேன்.

அவள் போய்விட்டாள். மாமா என்றுதான் சொன்னாள். நான் கேட்டேன். எஸ்.ஸும் கேட்டாள்.

கேட் பக்கம் நாலைந்து பேர். வழக்கமாக நான் நடுவில் நிற்கிற இடம். மளிகைக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, தஞ்சாவூர் போயிட்டு வந்தியளாமே! சம்பந்தி பெரிய வித்துவானாம்லா? வீடு எப்பிடி? ஆளு எப்பிடி? சொல்லுங்க கேப்போம்."

எல்லாரும் வட்டம் கூடிவிட்டார்கள். அரண்மனை, சங்கீத மண்டபம், நான் எடுத்த அல்லேலூயா, கை தட்டிய வெள்ளைக்காரர், நாலு தலைமுறை, நாலு போட்டோ, எனக்கென்றே எடுத்து வாசித்த வயலின், எல்லாம் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றது.

"நல்ல குடும்பம்," என்றேன்.

காத்திருந்தார்கள்.

"அம்புட்டுத்தானா அண்ணாச்சி?"

"அம்புட்டுத்தான்."